வயிற்றின் நிலையும் குழந்தையின் மனநிலையும்

வயிற்றுப்போக்கால் துன்புறும் குழந்தையைக் காணச் செல்லும் களப்பணியாளர் முதலில் நோக்கவேண்டியது அதன் வயிற்றை அன்று, அதன் மனநிலையை. உடலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறியுள்ளது என்பதை அளந்தறியக் கிராமத்தில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் வகுத்ததும், இந்நாட்டுக் களப்பணியாளருக்குப் பயிற்சியில் கற்பிக்கப்படுவதுமான முறையில் நான்கு அடையாளங்கள் குறிக்கப்பட்டுள்ளன. கண்கள் குழிந்திருத்தல், நீர் பருகும் விதம், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது பழைய நிலைக்கு மீளும் வேகம் ஆகிய மூன்றும் உடற்குறிகள். இம்மூன்றுக்கும் முன்பாக வைக்கப்பட்டிருக்கும் அடையாளம் குழந்தையின் நடத்தை. தூக்கினாலும் தேறாமல், படுக்க வைத்தாலும் அடங்காமல், எரிச்சலுடன் அழுதுகொண்டே இருக்கும் குழந்தைக்கு மற்ற மூன்று குறிகளில் ஒன்று சேர்ந்திருந்தாலே போதும். நீர்க்குறைவு ஏற்பட்டுவிட்டது என்று முடிவு செய்யலாம். அழுகையையும் விட்டுவிட்டு, கூப்பிட்டால் திரும்பிப் பாராமல், சூழ்ந்துள்ளவரிடம் நாட்டமின்றிக் கிடக்குமாயின் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

இந்த இரண்டாம் நிலையில்தான் குடும்பத்தார் ஏமாந்து போகின்றனர். இரவு முழுவதும் கதறிய பிள்ளை விடியற்காலையில் அடங்கிவிட்டது. இனித் தூங்கட்டும் என்று தாய் பெருமூச்சு விடும் நேரமே பல சமயங்களில் ஆபத்தின் உச்ச நேரமாக இருக்கிறது. உண்மையாகத் தூங்கும் குழந்தை தட்டியெழுப்பினால் விழித்து முகத்தைச் சுளிக்கும். மயங்கிக் கிடக்கும் குழந்தை அவ்வாறு செய்வதில்லை. அதனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். எரிச்சலுடன் அழும் நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் உடலெடையில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை நான்கு மணி நேரத்தில் சிறுகச் சிறுகப் புகட்டினால் போதும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 600 மில்லிலிட்டர் ஆகும். 1971 ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலைப் பெரும் பாத்திரங்களில் கலந்து, நோயாளியின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் போதாதிருந்த அந்த இடத்தில், இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. நீர் ஏறிய குழந்தை தேறியதற்கும் முதற்குறி அதன் நடத்தையே. அது தாயின் கைவளையலைப் பிடித்து இழுக்கத் தொடங்கும்.

வயிற்றின் கேடு குழந்தையின் நடத்தையில் வெளிப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு எல்லோர் கண்ணிலும் படும் நோய். கண்ணில் படாத வயிற்றுக் கேடுகளும் உண்டு. அவற்றால் துன்புறும் பிள்ளை வகுப்பறையில் 'சோம்பேறி' என்றும், 'முரடன்' என்றும், 'எதற்கெடுத்தாலும் அழுமூஞ்சி' என்றும் பெயர் வாங்குகிறது. தனக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நடத்தை ஒன்றே மொழி. அம்மொழியைப் படிக்கக்கூடியவர்கள் பெற்றோருக்கு அடுத்தபடியாக ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளருமே ஆவர்.

குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு

அஞ்சியவனுக்கு 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்பதும், பொறாமை கொண்டவனுக்கு 'வயிற்றெரிச்சல்' என்பதும் தமிழில் வழங்கும் பேச்சு. உடலியலார் நெடுநாள் கழித்தே இவ்வுண்மைக்கு வந்து சேர்ந்தனர். உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை குடற்சுவரினுள் நரம்பணுக்கள் வலைபோலப் பரவியுள்ளன; அவற்றின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேற்பட்டது. மூளையின் கட்டளையை எதிர்பாராமலேயே குடலை அசைக்கவும் செரிமான நீர்களைச் சுரக்கச் செய்யவும் இவ்வலையால் இயலும். ஆங்கில உடலியலறிஞர் லாங்லி 1921 இல் வெளியிட்ட நூலில் இதனைத் தனியானதொரு நரம்பு மண்டலமாகவே பிரித்துக் காட்டினார். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் என்னும் நரம்பில் உள்ள இழைகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, மூளையிலிருந்து கீழே கட்டளை கொண்டு செல்பவை அல்ல. கீழிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. மூளை குடலுக்குச் சொல்வதைவிடக் கேட்டுக்கொள்வதே மிகுதி எனலாம்.

செரோட்டோனின் என்னும் பொருளைப் பற்றி இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மனநிலையோடு தொடர்புடைய இப்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலிலேயே உண்டாகிறது என்பது உண்மை. இதைக்கொண்டு, வயிற்றைச் சரிசெய்தால் மகிழ்ச்சி தானே சுரக்கும் என்று விளம்பரம் செய்வோர் உளர். குடலில் உண்டாகும் செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. அதற்குத் தடை உண்டு. குடலின் அசைவையும், நரம்பின் வழியே செல்லும் செய்தியையும் அது பாதிக்கிறது என்பது மட்டுமே சொல்லத்தக்கது.

மனநிலை குடலைப் பாதிப்பதும் அதேயளவு உறுதியானது. 1950-களில் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மருத்துவர்களான எங்கெல், ரைக்ஸ்மன் இருவரும் ஒரு பெண் குழந்தையை ஆராய்ந்தனர். பிறவியிலேயே உணவுக்குழாய் அடைபட்டிருந்ததால் அக்குழந்தைக்கு வயிற்றில் துளையிட்டு, அதன் வழியாக உணவு செலுத்தப்பட்டு வந்தது. இரைப்பையில் அமிலம் சுரப்பதை அத்துளை வழியாகவே அளக்க முடிந்தது. குழந்தை தனக்குப் பிரியமான மருத்துவரைக் கண்டு துள்ளும்போது அமிலம் பெருகியது. கோபத்தில் கத்தும்போதும் பெருகியது. அறிமுகமில்லாத ஒருவர் அருகில் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பி, கைகால்கள் தளர, ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. அப்போது சுரப்பு ஏறக்குறைய நின்றே போயிற்று. வருந்தும் குழந்தைக்கு உணவை வற்புறுத்தி ஊட்டும் வழக்கமுடையோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி இந்நூற்றாண்டில் விரைவாகப் பெருகியுள்ளது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2004 இல் வெளியிட்ட சோதனையில், நுண்ணுயிர் சிறிதுமின்றி வளர்க்கப்பட்ட எலிகள் நெருக்கடியின்போது அளவுக்கு மீறிக் கலக்கமடைந்தன. இளமையிலேயே ஒருவகை நுண்ணுயிரைக் குடலில் குடியேற்றியபோது அக்கலக்கம் தணிந்தது. எலிகளில் கண்டது இவ்வளவு. மனிதக் குழந்தையின் பிடிவாதத்தையோ கவனக்குறைவையோ மாற்றும் நுண்ணுயிர்ப் பொடி எதுவும் இதுவரை ஐயமற நிறுவப்படவில்லை. கடையில் விற்கும் புட்டிகளை வாங்கச் சொல்லிப் பெற்றோரின் பணத்தைச் செலவழிக்கச் செய்வதற்கு ஆசிரியருக்கோ களப்பணியாளருக்கோ ஆதாரம் ஏதும் இல்லை.

மலச்சிக்கலும் தண்டனையும்

ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்பில் அடிக்கடி உடையை அழுக்காக்கிக் கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். உடன் பயிலும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருகின்றனர். ஆசிரியர் கடிந்துகொள்கிறார். வீட்டில், 'இத்தனை வயதாகியும் வெட்கமில்லையா?' என்று அடி விழுகிறது. சிறுவன் மறுமொழி சொல்வதில்லை. சிலநாளில் பள்ளிக்கே வர மறுக்கிறான். ஒழுக்கக்கேடு என்றும் பிடிவாதம் என்றும் கருதப்படும் இந்நிலை பெரும்பாலான பிள்ளைகளிடம் முற்றிய மலச்சிக்கலேயன்றி வேறில்லை.

இது வளரும் விதம் அறியத்தக்கது. ஏதோ ஒரு நாள் மலம் இறுகிப் போய், கழிக்கும்போது வலிக்கிறது. சில வேளைகளில் ஆசனவாயில் சிறு கிழிசலும் உண்டாகிறது. சூடு கண்ட பூனைபோலக் குழந்தை மறுநாள் உணர்ச்சி தோன்றியவுடன் அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க நீர் உறிஞ்சப்பட்டு மலம் மேலும் இறுகுகிறது; கழிக்கும்போது வலியும் மிகுகிறது. வாரக்கணக்கில் இவ்வாறு தேங்குவதால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதை உணரும் திறனை இழந்துவிடுகிறது. பின்னர் மேலிருந்து வரும் இளகிய மலம் இறுகிய கட்டியைச் சுற்றி வழிந்து, குழந்தை அறியாமலேயே உடையில் கசிகிறது. குழந்தைக்கு அது தெரிவதும் இல்லை. தெரிந்தாலும் தடுக்க முடிவதும் இல்லை. நாற்றத்தை மற்றவர் சொல்லித்தான் அது அறிகிறது; தன் நாற்றத்துக்குப் பழகிய மூக்கு அதனை உணர்வதில்லை.

இக்கசிவை வயிற்றுப்போக்கு என்று எண்ணிக் கட்டுவதற்கு மருந்து கொடுப்போர் உண்டு. அதனால் கட்டி மேலும் இறுகும். அடக்கும் முயற்சியையும் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். சிறு குழந்தை மூலையில் போய் ஒதுங்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க முக்குவதைக் காணும் தாய், 'முக்கி முக்கிப் பார்க்கிறான், வரவில்லை' என்கிறாள். உண்மையில் அக்குழந்தை வெளியேற்ற முக்கவில்லை; வராமலிருக்க இறுக்கிக்கொண்டு நிற்கிறது. வகுப்பறையில் இதே குழந்தை இருக்கையில் நெளிகிறது, பாடத்தைக் கேட்பதில்லை, பக்கத்திலிருப்பவன் தொட்டால் சீறுகிறது. பசியும் மந்தமாக இருக்கும். விரிந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிலர் சிறுநீரையும் அடக்க இயலாமல் போகின்றனர். இவை யாவும் ஒரே காரணத்தின் கிளைகள்.

சிகிச்சை கடினமானதன்று, ஆனால் நீண்டது. தேங்கியதை மருத்துவர் தரும் மருந்தால் முதலில் வெளியேற்றி, பின்னர் மலம் இளகியிருக்கும்படி மாதக்கணக்கில் மருந்தைத் தொடரவேண்டும். விரிந்த குடல் சுருங்க அவ்வளவு காலம் ஆகும். மலம் சற்று இளகியவுடனே பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்குப் பெருங்காரணம். உணவுக்குப் பின் குடல் தானாகவே அசைவது இயல்பு. ஆதலால் காலை உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் குழந்தையை உட்காரவைத்துப் பழக்கலாம். குந்தி அமரும் கழிப்பிடம் இதற்கு ஏற்றது. நகரத்து வீடுகளில் உயரமான பீங்கான் இருக்கையில் கால் தரையில் படாமல் தொங்க உட்காரும் குழந்தைக்கு முக்குவதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. காலின் கீழே ஒரு மணை வைத்தால் போதும். பழம், கீரை, பருப்பு, தண்ணீர் ஆகியவை வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு உணவுக்குப் பதிலாகப் பாலையே மிகுதியாகப் புகட்டுவது மலச்சிக்கலையும் இரும்புச்சத்துக் குறைவையும் ஒருங்கே கொண்டுவரும். பிறந்தபின் இரண்டு நாள் வரை மலம் கழியாத சிசுவானால், அல்லது சிக்கலுடன் வயிறு உப்பி, எடை ஏறாதிருந்தால், அது வேறு நோயாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

பள்ளியின் பொறுப்பும் இதில் சிறிதன்று. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுவருக்கும் சிறுமியருக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கவேண்டுமென விதித்தது. கட்டடம் எழுப்பச் சட்டம் போதும். அதில் தண்ணீர் இருப்பதற்கும் கதவில் தாழ்ப்பாள் இருப்பதற்கும் தலைமையாசிரியரின் கண்தான் வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு அஞ்சிக் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்ளும் சிறுமி, தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. 'மணி அடித்த பின்தான் போகவேண்டும்' என்னும் வகுப்பு விதியும் இவ்வகைப் பிள்ளைகளுக்குப் பகை. உடை மாற்றுவதற்கு ஒரு மறைவிடமும், ஒருவரும் அறியாமல் எழுந்து செல்லும் அனுமதியும் கிடைத்த சிறுவன் பள்ளியை விட்டு ஓடுவதில்லை.

புழுக்கள்

பல்லை நறநறவெனக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்றும், இனிப்பு தின்றால் பூச்சி வைக்கும் என்றும் சொல்வது வழக்கம். இரண்டுக்கும் தக்க ஆதாரம் இல்லை. இனிப்பிலிருந்து புழு பிறப்பதில்லை; மலம் கலந்த மண்ணிலிருந்து வருகிறது. உருண்டைப் புழு, சாட்டைப் புழு ஆகியவற்றின் முட்டைகள் கழுவாத கை வழியாகவும் காய்கறி வழியாகவும் வாய்க்குள் செல்கின்றன. கொக்கிப் புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுகிறது.

நடத்தையோடு மிக நேராகத் தொடர்புடையது இம்மூன்றுமல்லாத கீரிப்பூச்சி. குழந்தை தூங்கிய பின் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. தாங்கமுடியாத அரிப்பால் குழந்தை இரவில் பலமுறை புரள்கிறது, அழுகிறது, சொரிகிறது. மறுநாள் காலையில் அதன் சிடுசிடுப்புக்குக் காரணம் தூக்கமின்மையே. சொரிந்த நகத்தினுள் முட்டை தங்கி மீண்டும் வாய்க்குச் செல்வதாலும், படுக்கையில் உதிர்ந்த முட்டை உடன் உறங்குவோரையும் பற்றுவதாலும், ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து தருவது வீண். குடும்பத்தார் அனைவரும் ஒரே நாளில் மருந்துண்டு, இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் உண்ணவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுவதும், காலையில் உள்ளுடையை மாற்றுவதும், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைப்பதும் மருந்துக்குச் சமம்.

கொக்கிப் புழு செய்யும் கேடு மறைமுகமானது. அது குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. போதிய அளவு இரும்புச்சத்து உணவில் இல்லாத பிள்ளைக்கு இது விரைவில் இரத்தசோகையைக் கொண்டுவரும். இரும்பு இரத்தத்துக்கு மட்டுமன்றி வளரும் மூளைக்கும் தேவை. அது குறைந்த பிள்ளை விளையாட்டில் நாட்டமிழந்து, எளிதில் எரிச்சலுற்று, பாடத்தில் மனம் ஊன்றாமல் இருக்கும். மண்ணையும் சாம்பலையும் சிலேட்டுக் குச்சியையும் தின்னும் விசித்திர ஆசையும் தோன்றும். மண் தின்பதால் மேலும் புழு சேரும். 2019-21 இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குப் புழு ஒன்றே காரணம் என்பது பிழை, உணவே முதற்காரணம்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பட்டு வருகிறது. 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாதவருக்கு அரை மாத்திரை, மற்றவருக்கு 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரை. மென்று விழுங்கச் செய்யவேண்டும். சிறு குழந்தைக்குப் பொடித்து நீரில் கலந்து தரவேண்டும். அன்று நோயுற்றிருக்கும் குழந்தைக்குத் தரலாகாது. இம்மருந்தால் வகுப்பு முழுவதும் திடீரென அறிவும் சுறுசுறுப்பும் பெறும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2019 இல் வெளியிடப்பட்ட காக்ரேன் ஆய்வு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக மருந்து தருவதால் கல்வித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்றே கூறியது. புழு உள்ள பிள்ளைக்கு மருந்து நன்மை செய்யும். புழு இல்லாத பிள்ளையின் கவனக்குறைவுக்கு வேறு காரணம் தேடவேண்டும்.

கோதுமை ஒவ்வாத குழந்தைகள்

வட இந்திய மாநிலங்களில் பணிபுரிவோர் சிறப்பாக அறியவேண்டிய நோய் சீலியாக் என்பது. தாய்ப்பாலுடன் நன்றாக வளர்ந்து வந்த குழந்தை, ரொட்டியும் கோதுமைக் கூழும் உண்ணத் தொடங்கிச் சில மாதங்களில் மெலியத் தொடங்கும். வயிறு மட்டும் முன்தள்ளும், கைகால்கள் குச்சியாகும், மலம் வெளுத்து, மிகுந்து, நாற்றமடிக்கும். இவற்றோடு சேர்ந்து வருவது குழந்தையின் சிடுசிடுப்பு. யாரிடமும் போகாது, எதிலும் மனம் கொள்ளாது, தாயின் தோளைவிட்டு இறங்காமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும். இந்நோயைப் பற்றி எழுதிய குழந்தை மருத்துவர் பலரும் இம்முகத்தை மறவாமல் குறித்துள்ளனர்.

லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயை 1888 இல் விரிவாக விவரித்து, குணப்படுத்த இயலுமாயின் அது உணவாலேயே இயலும் என்று கருதினார். எந்த உணவு என்பது அவருக்கு விளங்கவில்லை. அதனைக் கண்டறிந்தவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930-களிலேயே அவருக்குக் கோதுமையின்மேல் ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் கடும் பஞ்சம் நேர்ந்து ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. நாடே பட்டினியால் வாடியபோது இந்நோயுற்ற குழந்தைகள் மோசமடையவில்லை. ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. தம் ஆராய்ச்சியை அவர் 1950 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வுரையாக அளித்தார். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை எதிர்த்து உடலின் நோய்த்தடுப்பு ஆற்றல் போர் தொடுக்கிறது. அப்போரில் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் உறிஞ்சிகள் அழிந்து தட்டையாகின்றன. உண்ட உணவு உடலில் சேர்வதில்லை.

ஐரோப்பியருக்கே உரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இது வட இந்தியக் குழந்தைகளிடமும் உண்டு என்பதை 1960-களில் இந்திய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 2016 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கில் 0.87 பேரிடமும், தெற்கில் 0.10 பேரிடமும் காணப்பட்டது. நோய்க்கு இடம்தரும் மரபுக்கூறோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், நூற்றுக்கு 31 முதல் 38 பேர் வரை, இருந்தது. பெரிய வேறுபாடு உண்ணும் தானியத்தில் இருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கில் 455 கிராம் கோதுமையும் தெற்கில் 25 கிராமும் உண்டனர். தெற்கேயும் கோதுமை உணவு பெருகிவரும் நிலையில், அங்குள்ள மருத்துவர்களும் இவ்வெண்களை நினைவில் வைக்கவேண்டியுள்ளது.

ஐயம் தோன்றியவுடன் ரொட்டியை நிறுத்திப் பார்க்கலாமே என்று எண்ணுவது இயற்கை. அவ்வாறு செய்யலாகாது. கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, சோதனையில் நோய் இல்லை என்று வந்துவிடும். பின்னர் குழந்தை ரொட்டியை மீண்டும் உண்டு நோய் முற்றும். சோதனை முடியும் வரை வழக்கமான உணவே தொடரவேண்டும். நோய் உறுதியான பின் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்கவேண்டும். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அவற்றை அரைத்தல் கூடாது. ரவை, மைதா, சேமியா யாவும் கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதைப் பலர் அறியார். முறையாக விலக்கப்பட்ட குழந்தைகளுள் பலரிடம், தராசில் எடை ஏறுவதற்கு முன்பே முகம் தெளிந்து, தோளைவிட்டு இறங்கி விளையாடும் மாறுதல் தென்படுகிறது. பள்ளியில் மதிய உணவாகப் பூரியோ ரொட்டியோ வழங்கப்படும் நாளில் இக்குழந்தைக்கு எது தரப்படும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். பிறந்தநாள் கேக்கை ஒரு துண்டுதானே என்று கொடுப்பதும் கேடு.

திங்கட்கிழமை வயிற்றுவலி

விடுமுறையில் நலமாக இருந்துவிட்டுப் பள்ளி திறக்கும் நாளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஜான் ஆப்லி தம் துணைவருடன் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒன்பது அல்லது பத்துப் பேருக்கு ஒருவர் மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுவலியால் துன்புற்றனர். பெரும்பாலோரிடம் உடற்கோளாறு எதுவும் காணப்படவில்லை. கோளாறு இல்லை என்பதால் வலி பொய்யென்று ஆகாது. அச்சத்தால் குடலின் அசைவு மாறுவதும், சாதாரண அசைவையே நரம்புகள் வலியாக உணர்வதும் உண்மை நிகழ்ச்சிகள். 'நடிக்கிறாய்' என்று சொல்லப்பட்ட பிள்ளை தன் வலியை நிலைநாட்டுவதற்காகவே மேலும் துடிக்கும். வலியை ஒப்புக்கொண்டு, சற்றே இளைப்பாறச் செய்து, அன்றே வகுப்புக்குத் திரும்பச் செய்வதும், பள்ளியில் அதனை அச்சுறுத்துவது கணக்குப் பாடமா, மூத்த மாணவனா, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையா என்று விசாரிப்பதும் பயன் தரும்.

ஆப்லி ஒரு எளிய விதியையும் கூறினார்: வலி தொப்புளிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அவ்வளவுக்கு உடற்கோளாறு இருத்தல் கூடும். உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் அனுப்பத் தயங்கலாகாது.

காரணமின்றிக் காரணம் கற்பித்தல்

வயிற்றுக்கும் நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்று அறிந்தவுடன், எல்லாக் குறும்புக்கும் ஏதேனும் ஓர் உணவைக் குற்றவாளியாக்கும் மனப்பான்மை எளிதில் வந்துவிடுகிறது. இனிப்பு தின்றால் பிள்ளை கட்டுக்கடங்காது என்னும் நம்பிக்கை அத்தகையது. 1994 இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர் அனைவருக்கும் சர்க்கரை இல்லாத பானமே தரப்பட்டது; ஆனால் தாய்மாரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் சர்க்கரை தரப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அவ்வாறு கேள்வியுற்ற தாய்மார் தங்கள் பிள்ளை மிகவும் துள்ளுவதாகக் கண்டனர். அடுத்த ஆண்டில் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞரும் சர்க்கரையால் நடத்தை மாறுவதாகக் காணவில்லை. பற்சிதைவுக்கும் உடற்பருமனுக்கும் அஞ்சி இனிப்பைக் குறைப்பது வேறு செய்தி.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி இதைவிடப் பெருந்தவறு நிகழ்ந்தது. தடுப்பூசியையும் குடல்நோயையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998 இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரை நம்பத்தகாதது எனக் கண்டு, அதனை வெளியிட்ட இதழே 2010 இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் பல நாடுகளில் பெற்றோர் தட்டம்மைத் தடுப்பூசியை மறுத்துவிட்டனர். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் தீரும் என்பதற்கும் போதிய சான்று இல்லை. ஏற்கெனவே குறைவாக உண்ணும் பிள்ளைக்கு அது ஊட்டக்குறைவையே தரக்கூடும். எனினும் இப்பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் மற்றவரைவிட மிகுதியாக வருகின்றன என்பது உண்மை. அவர்களுள் பலர் அதனைச் சொல்லவும் இயலாதவர்கள். அமைதியாக இருந்த பிள்ளை திடீரெனத் தன் கையைக் கடித்துக்கொண்டாலோ, மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றாலோ, உணவுக்குப் பின் முதுகை வளைத்துக் கதறினாலோ, 'அதன் இயல்பே அப்படி' என்று விடாமல் வயிற்றைச் சோதிக்கச் சொல்லவேண்டும்.

2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். அக்குழுவினர் ஒரு பிள்ளையோடு கழிப்பது சில நிமிடங்களே. எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிகிறது, உடை அழுக்காவது உண்டா, இரவில் அரிப்பு உண்டா, எந்த உணவு தொடங்கிய பின் மெலிந்தது, சிடுசிடுப்பு எந்த மாதத்திலிருந்து, வலி எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பவற்றை ஆசிரியர் ஒரு தாளில் முன்பே குறித்து, பிள்ளையின் எடைப் பதிவோடு இணைத்துக் கொடுத்தால், மருத்துவர் அந்தச் சில நிமிடங்களை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில் செலவிட இயலும்.